காணாமற்போன கொடுவாக் குஞ்சுகள்

பழவேற்காடு என்று சொன்னால் நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு முதலில் துணியின் ஞாபகம் வருவது நியாயம். டச்சுக்காரர் 1613-ஆம் ஆண்டில் அவ்வூரில் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததற்குச் சோழமண்டலக் கரையின் தறிகளிலிருந்து இறங்கிய துணியே பெருங்காரணம். மெக்சிகோ தேசத்தார் கழுத்தில் கட்டிக்கொள்ளும் குட்டைக்கு இன்றும் 'பாலியகாத்தே' என்று பெயர். அது பழவேற்காட்டின் பெயர் திரிந்ததே என்பர். துணி வியாபாரம் போயிற்று. கோட்டை இடிந்தது. டச்சுக்காரரின் கல்லறைகள் மட்டும் எழுத்துக் குலையாமல் நிற்கின்றன. இப்போது அவ்வூரையும் அதனைச் சுற்றியுள்ள குப்பங்களையும் காப்பாற்றி வருவது ஏரி ஒன்றே.

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நம் தேசத்தின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் அடங்கும். தென்கோடி நம் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. (சென்னை மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் 1904-இல் தோன்றிய திரூரும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதை நம் இயக்கத்தார் நினைவிற் கொள்ளலாம்.) அத்தென்கோடியில், ஏரி நீர் சூழ அமைந்த மீனவக் கிராமம் பசியாவரம். சில ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முதலாக அங்குச் சென்றபோது படகில்தான் போக வேண்டியிருந்தது. கையில் கோப்பு, மனத்தில் ஒரு திருட்டு வழக்கு. அந்த வழக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேறொரு கழிமுகக் கரையில் உள்ள சங்கம் அது, பெயர் வேண்டாம். அச்சங்கத்தார் கொடுவா மீன் வளர்ப்பதற்காக வலைக்கூண்டுகள் அமைக்கக் கடன் கேட்டார்கள். சிபாரிசு செய்தவன் நான்தான். குஞ்சுகள் வாங்கிக் கூண்டுகளில் விட்டார்கள். இரண்டு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் காணவில்லை. வலை எங்கும் அறுந்திருக்கவில்லை. செத்த மீன் மிதந்ததாகவும் எவரும் சொல்லவில்லை. இராக்காவலுக்கு அமர்த்தப்பட்டிருந்த அங்கத்தினர் இருவர்மீது சந்தேகம் விழுந்தது. அவர்களுடைய கூலி நிறுத்தி வைக்கப்பட்டது. நிர்வாகக் குழுவின் நடவடிக்கைப் புத்தகத்தில் அவர்கள் பெயரைக் குறித்துத் தீர்மானமும் ஏறிற்று. பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்ற நானும் அதைப் படித்துவிட்டுக் கீழே கையெழுத்திட்டேன். வரவில் இருந்தது இருப்பில் இல்லையென்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும் அல்லவா?

பசியாவரத்தில் வேறு அலுவல் முடிந்தபின், படகுத்துறையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தாமலே கேட்டார்: “குஞ்சு எல்லாம் ஒரே அளவா இருந்ததுங்களா ஐயா?”

“இல்லை பெரியவரே. பெரிதும் சிறிதும் கலந்துதான் வந்தன.”

“அப்போ திருடன் கூண்டுக்குள்ளேயே இருந்திருக்கான்.”

அவர் சொன்னது முற்றும் உண்மை என்று பின்னர்ப் புத்தகங்களைப் புரட்டித் தெரிந்துகொண்டேன். கொடுவாக் குஞ்சு தன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குள்ள உடன்பிறப்பையும் முழுதாக விழுங்கிவிடும். பொரித்துச் சில வாரங்களிலேயே இந்தப் பழக்கம் தொடங்கிவிடுகிறது. ஆகையால் தேர்ந்த பொரிப்பகங்களில் சில நாட்களுக்கு ஒருமுறை குஞ்சுகளைச் சலித்துப் பெரியவை வேறு, சிறியவை வேறு என்று பிரித்துக்கொண்டே இருப்பார்கள். நெருக்கமும் பசியும் கூடினால் விழுங்குவதும் கூடும். நாம் நெருக்கமாகவும் விட்டோம். அளவு பிரிக்காமலும் விட்டோம். இரைபோடுவதிலும் சிக்கனம் பார்த்தோம். உயிரின் சுபாவம் அறியாமல் செய்த தவற்றைக் கூலிக்காரன் தலையில் ஏற்றிவிட்டோம்.

அன்று அம்முதியவர் இன்னொன்றும் சொன்னார். அதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. “இரண்டு கிலோக் கொடுவாவில் சினை இருந்து நான் பார்த்ததே கிடையாது. பெருமீன் வயிற்றில்தான் சினை.” ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கோ கேள்வியே புதிது.

காரணம் விந்தையானது. கொடுவா பருவமடையும்போது பெரும்பாலும் ஆணாகவே பருவமடைகிறது. சில ஆண்டுகள் ஆணாக இருந்து விந்து சொரிந்த பின்னர் அதே மீன் பெண்ணாக மாறி முட்டையிடத் தொடங்குகிறது. ஒன்றரை முதல் இரண்டரை கிலோ வரையுள்ளவற்றில் மிகப்பெரும்பாலானவை ஆண்கள். நான்கு முதல் ஆறு கிலோவை எட்டியவற்றில் பெரும்பாலானவை பெண்கள். களவா மீனுக்கு இது தலைகீழ். முதலில் பெண், முதிர்ந்தபின் ஆண். இயற்கையின் இந்த ஏற்பாட்டைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சந்தைக் கணக்கை ஒருகணம் நினைத்துப் பார்க்க வேண்டும். உணவுக்கடைக்காரர் விரும்பிக் கேட்பது தட்டில் அடங்கும் மீன். அந்த அளவிலேயே எல்லாவற்றையும் பிடித்துவிட்டால் நாம் பிடிப்பது இளைஞர்களை மட்டுமன்று. நாளைய தாய்மார் அனைவரையும் அவர்கள் தாயாகுமுன்பே பிடித்துவிடுகிறோம். கரையில் மீன் நிறையக் கிடைப்பது போலவே சில ஆண்டுகள் தோன்றும். பிறகு திடீரென்று குஞ்சு வராது.

அப்படியானால் பெருமீனையாவது பிடிக்கலாமா என்றால், அங்கும் கணக்கு நமக்கு எதிராகவே இருக்கிறது. கடல் மீன்களில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களை ஒப்பிட்டு 2018-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எடை இரட்டித்தால் முட்டையும் இரட்டிக்கும் என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலான இனங்களில் அது இரட்டிப்புக்கும் மேலே போகிறது என்பது அவ்வாய்வின் முடிவு. வடகடலின் காட் மீனை அவர்கள் உதாரணமாகக் காட்டினார்கள். முப்பது கிலோ எடையுள்ள ஒரே தாய் இடும் முட்டை, இரண்டு கிலோ எடையுள்ள இருபத்தெட்டுத் தாய்கள் சேர்ந்து இடுவதைவிட அதிகம். அந்த இருபத்தெட்டின் மொத்த எடை ஐம்பத்தாறு கிலோ என்பதைக் கவனியுங்கள். கூட்டு வட்டி எப்படி ஏறும் என்று நம் அங்கத்தினர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பலர் அனுபவித்தே அறிவார்கள். விதைநெல்லைக் குத்தித் தின்னக்கூடாது என்பது நம் விவசாயிகளுக்கு வழிவழி வந்த புத்தி. மீனில் விதைநெல் எது என்பதுதான் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இனி இந்த மீன்கள் எங்கே முட்டையிடுகின்றன என்று பார்ப்போம். ஏரியில் வளர்வதனால் ஏரியிலேயே பிறந்தவை என்று நினைப்பது பிழை. கொடுவா ஆற்றிலும் ஏரியிலும் வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் முகத்துவாரத்தை நோக்கி இறங்கும். கடல்நீரையொத்த உப்பு இருந்தால்தான் அதன் முட்டை மிதக்கும். முட்டையிடுவதும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நீரோட்டத்தைப் பார்த்துத்தான். மடவையும் அப்படியே. ஏரியில் மேய்ந்து கொழுத்த மடவை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கூட்டங்கூட்டமாகக் கடலுக்கு வெளியேறி அங்கே முட்டையிடுகிறது. விரற்கடை அளவுக் குஞ்சுகள் திரும்ப ஏரிக்குள் வருகின்றன. பால்மீனும் கடலில் பிறந்து குஞ்சாகவே கழிமுகம் தேடி வருவதுதான். பழவேற்காட்டாரின் பெருவருமானமாகிய இறாலும் கடலில் முட்டையிட்டு, இளமையில் ஏரிக்கு வந்து, வளர்ந்தபின் கடலுக்கே திரும்பும்.

இத்தனை உயிர்களுக்கும் வாயில் முகத்துவாரமே. ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் கொண்டுவரும் வெள்ளம் குறையும் கோடைக்காலத்தில் கடல் அலை மணலைக் கொண்டு வந்து அவ்வாயிலை அடைத்துவிடுகிறது. அடைபட்ட ஏரி வெயிலில் வற்றி, கடலைவிட உப்பேறிப் போவதும் உண்டு. மீனவர்கள் மண்வெட்டி எடுத்துக்கொண்டு தாங்களே மணல்மேட்டை வெட்டித் திறந்த கதைகள் ஒவ்வொரு குப்பத்திலும் இருக்கின்றன. நிலையான முகத்துவாரம் அமைக்கும் வேலையை அரசு அண்மை ஆண்டுகளில் கையிலெடுத்தது. வெளியூரார் இதைப் படகு போகும் வழிக்கான மராமத்து என்று மட்டும் எண்ணுகிறார்கள். படகுக்கு வழி என்பது பாதிதான்.

எல்லா மீனும் கடலுக்குப் போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடும் மீன் உவர்நீரிலேயே குடித்தனம் நடத்துகிறது. கல்லிலோ கட்டையிலோ முட்டைகளை ஒட்டவைத்துவிட்டுத் தாயும் தகப்பனும் மாறிமாறிக் காவலிருந்து, துடுப்பால் விசிறித் தண்ணீர் பாய்ச்சும். கடற்கெளுத்தி இதையும் விஞ்சியது. அதன் முட்டைகள் கோலிக்குண்டு போலப் பெரியவை, எண்ணிக்கையிலோ மிகக் குறைவு. தாய் இட்டதும் தகப்பன் அவற்றை வாயில் ஏந்திக்கொண்டு, குஞ்சு பொரிந்து தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்வரை இரை தின்னாமல் அலைகிறது. 1980-களை ஒட்டிய காலத்தில் கர்நாடகக் கரையில் பெரிய சுருக்குவலைகள் வந்தபோது, வாயில் முட்டை சுமந்த கெளுத்தித் தகப்பன்மார் கூட்டமாக அகப்பட்டார்கள். மீனோடு முட்டையும் டன் கணக்கில் அழிந்தது. அதன் பின்னர் மேற்குக் கரையில் கெளுத்தி மீன்பிடிப்பே சரிந்துபோனது. கோடி முட்டை இடும் மீன் ஓராண்டு நஷ்டத்தைத் தாங்கும். நாற்பது ஐம்பது முட்டையை வாயில் வைத்துக் காக்கும் மீன் தாங்காது. எல்லா மீனுக்கும் ஒரே சட்டம் போதும் என்பவர்களுக்கு இந்த உதாரணம் ஒன்றே போதும்.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிறது. முன்பு நாற்பத்தைந்து நாளாக இருந்ததை 2017 முதல் நீட்டினார்கள். இனப்பெருக்கத்தைக் காப்பதே நோக்கம், நல்ல ஏற்பாடு. ஆனால் மேலே சொன்ன மடவை சினையோடு கடலுக்குப் போவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். அப்போது தடையில்லை. அந்த மாதங்களில் முகத்துவாரத்தின் குறுக்கே வலை கட்டுவதும் கட்டாதிருப்பதும் ஊர்க்கட்டுப்பாட்டைப் பொறுத்தது.

ஊர்க்கட்டுப்பாடு என்றால் பழவேற்காட்டாருக்குப் புதிதன்று. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்றொரு முறை தொன்றுதொட்டு வழங்குகிறது. இறால் பிடிக்கும் இடங்களைப் பங்கிட்டு, சீட்டுப் போட்டு, இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். பதிவாளரும் துணைவிதியும் தோன்றுமுன்பே அங்கே கூட்டுறவு இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதில் இடம்பெறாத ஊராருக்கும் சமூகத்தாருக்கும் மனக்குறை உண்டு. அதை மறைத்துப் பேசுவது முறையல்ல. இருந்தாலும், யார் எங்கே பிடிக்கலாம் என்று விதி செய்யத் தெரிந்தவர்கள், எந்த மீனை எப்போது விடுவது என்றும் விதி செய்யக்கூடும்.

இனி வளர்ப்பு மீனுக்கு வருவோம். கடலில் பிறக்க வேண்டிய மீனைத் தொட்டியில் பிறக்கச் செய்வது எளிய காரியமன்று. அடைபட்ட மடவை வயிற்றில் சினையை ஓரளவு முதிர்த்தாலும் தானாக இடுவதில்லை; கடற்பயணமும் உப்பும் நீரோட்டமும் கொடுக்கும் சமிக்ஞை அதன் மூளைக்குக் கிட்டுவதில்லை. இதற்கு வழி திறந்தவர் ஹீராலால் சௌதுரி. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி ஒரிசாவில் அவர் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியால் செலுத்திக் கெண்டை இன மீன்களை அடைபட்ட நீரில் முட்டையிடச் செய்தார். அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறோம். உவர்நீர் மீனுக்கு அந்த வித்தை வர நாற்பது ஆண்டுகள் பிடித்தன. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், முட்டுக்காட்டிலுள்ள தன் பண்ணையில் கொடுவாவை 1997-இலும் பால்மீனை 2015-இலும் தொட்டியில் இனம்பெருக்கிக் காட்டியது. மண்டபத்தில் கடல்மீன் ஆராய்ச்சியாளர்கள் 2010-இல் கடல்விராலைப் பொரிக்கச் செய்தனர். சீர்காழிக்கு அருகே தொடுவாயிலும் கொடுவாப் பொரிப்பகம் உண்டு.

வேலை நடக்கும் விதம் இது. தாய்மீனைக் கிராம்பு எண்ணெய் போன்ற மயக்கமருந்து கலந்த நீரில் சற்றே அயரவிட்டு, மெல்லிய குழாயால் சில முட்டைகளை எடுத்து அளந்து பார்ப்பார்கள். அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அளவை எட்டியிருந்தால்தான் ஹார்மோன் ஊசி. மறுநாளைக்கு அடுத்த பொழுதில், பெரும்பாலும் இரவில், தாய் முட்டையிடும். ஆண்கள் விந்து சொரியும். பதினாறு பதினெட்டு மணி நேரத்தில் பொரிக்கும். மூன்றாம் நாள் வாய் திறக்கும் குஞ்சுக்குக் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணுயிர்களை வளர்த்து இரையாகக் கொடுக்க வேண்டும். ஒரு வேளை தவறினால் தொட்டியே காலி. கைத்தறியில் பாவு ஓடும்போது இருக்கும் கவனத்தை இதற்கு ஒப்பிடலாம்.

இதில் நான் கற்ற முக்கியமான பாடம், தாய்மீனின் சுகம் அலங்காரப் பேச்சன்று என்பது. அடிக்கடி வலையால் துரத்திப் பிடித்த மீன், நெருக்கத்தில் அடைத்த மீன், பிராணவாயு குறைந்த நீரில் திணறிய மீன், இவற்றின் இரத்தத்தில் அச்சத்தின் ஹார்மோன் ஏறுகிறது. அது ஏறியபோது இனப்பெருக்கத்தின் ஹார்மோன் இறங்குகிறது. சினை முதிராமல் உடலுக்குள்ளேயே கரைந்துபோவதுண்டு. இட்டாலும் முட்டை நோஞ்சானாக இருக்கும். இறால் பொரிப்பகங்களில் தாய் இறாலின் கண்காம்புகளில் ஒன்றை நறுக்கிவிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. சினை முதிர்வதைத் தடுக்கும் சுரப்பு அந்தக் காம்பில் இருப்பதால், நறுக்கினால் விரைவில் முட்டையிடும். காரியம் ஆகிறது, ஆனால் தாய் விரைவில் ஓய்ந்துபோகிறது. நறுக்காமலே நல்ல இரையும் அமைதியும் கொடுத்து முட்டையிடச் செய்யும் முயற்சிகள் பல நாடுகளில் நடந்துவருகின்றன. என் அபிப்பிராயத்தில் அதுவே சரியான வழி.

மீனுக்கு வலி தெரியுமா என்று சிலர் நகைப்பார்கள். ஸ்காட்லாந்தில் எடின்பரோ அருகேயுள்ள ரோஸ்லின் நிலையத்தில் 2003-இல் டிரவுட் மீனின் உதட்டில் காடிச்சத்தையும் தேனீ நஞ்சையும் ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். சில மீன்கள் உதட்டைச் சரளைக் கல்லில் தேய்த்தன. நெடுநேரம் இரையைத் தொடவில்லை. இதனை மறுக்கும் விஞ்ஞானிகளும் உண்டு, விவாதம் ஓயவில்லை. நம் தேசத்துச் சட்டம் இந்த விவாதத்துக்குக் காத்திருக்கவில்லை. கலாக்ஷேத்திரத்தின் ருக்மிணிதேவி அருண்டேல் மாநிலங்களவையில் இருந்தபோது எடுத்த முயற்சியின் பயனாக வந்த 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், மனிதன் நீங்கலான எந்த உயிரையும் பிராணி என்றே வகுக்கிறது. மீனும் அதற்குள் அடங்கும்.

தர்மம் பேசினால் சங்கத்தில் எடுபடாது என்பவர்களுக்கு இலாபக் கணக்கும் இருக்கிறது. கூடையில் கிடந்து துடிதுடித்துச் சாகும் மீன் தசையிலுள்ள சத்தையெல்லாம் செலவழித்துவிடுகிறது. அமிலம் சேர்ந்து உடல் விரைவில் விறைத்து, விரைவில் நெகிழ்ந்து, சீக்கிரம் கெடுகிறது. மூளையில் ஒரே குத்தாகக் குத்தி, இரத்தம் வடித்துப் பனிக்கட்டியில் வைக்கும் மீன் நெடுநேரம் தாங்கும். ஜப்பானியர் இதை ஒரு கலையாகவே வைத்திருக்கிறார்கள். அத்தகைய மீனுக்கு அதிக விலையும் கொடுக்கிறார்கள். கூண்டில் மீன் வளர்க்கும் சங்கத்துக்கு இது கைக்கெட்டிய காரியம். ஆயிரக்கணக்கில் வலையில் ஏறும் சிறுமீனுக்கு இது முடியாதென்பதும் எனக்குத் தெரியும்.

வளர்ப்பை ஆரம்பிக்க எண்ணும் சங்கங்கள் இடத்தையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சிலிகாவையும் பழவேற்காட்டையும் பெயர் குறித்து, அவ்வேரிகளின் ஆயிரம் மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாதென்று தீர்ப்பளித்தது. 2005-இன் சட்டப்படி கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் இருக்கிறது. அங்கே பதிவு கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே கடன் மனு எழுதுவது நலம். மனு வந்தால் நான் இப்போது கேட்கும் கேள்விகளும் மாறிவிட்டன. ஜாமீன் யார் என்பதோடு, குஞ்சு எந்தப் பொரிப்பகத்தது, அளவு பிரிக்க யாருக்குத் தெரியும், கன மீட்டருக்கு எத்தனை விடப்போகிறீர்கள், மின்சாரம் நின்றால் காற்றுக்கு என்ன வழி என்றெல்லாம் கேட்கிறேன். அதிகப் பிரசங்கி என்று ஒரு தலைவர் என் காதுபடவே சொன்னார். இருக்கட்டும்.

பசியாவரத்திலிருந்து திரும்பிய அடுத்த மாதமே அந்தப் பெயர் சொல்லாத சங்கத்துக்குப் போனேன். கூண்டில் மிஞ்சியிருந்தவற்றுள் மிகப் பெரிய மீன் ஒன்றை நிர்வாகக் குழுவினர் முன்னிலையில் அறுக்கச் சொன்னேன். வயிற்றுக்குள் மடங்கிய வாலோடு ஒரு குஞ்சு இருந்தது. எவரும் பேசவில்லை. நடவடிக்கைப் புத்தகத்தில் முந்தைய தீர்மானத்தை ரத்து செய்து, இருவர் பெயரிலிருந்த சந்தேகத்தை நீக்கி எழுதினார்கள். ஆய்வாளரும் அதில் தவறினார் என்று ஒரு வரி சேர்க்கும்படி நானே கேட்டுக்கொண்டேன். நிறுத்தி வைத்த கூலியை அன்று மாலையே கொடுத்தார்கள். ஒருவர் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார். மற்றவர் தொழில் தேடி எண்ணூர்ப் பக்கம் போய்விட்டிருந்தார். அவர் பங்கை அவருடைய தாயார் கைநாட்டு வைத்துப் பெற்றுக்கொண்டார்.